செத்தவன் எழுந்திருக்கக் காரணம் எழுதுகிறவர்

என் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். வெட்கத்தினால் இல்லை, சொல்லத் தெரியாததினால். என் பட்டறைக்கு ஷட்டர் ஸ்பிரிங் கொண்டுவந்து போடுகிறவர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன பண்றாருண்ணே?"

"செத்தவன் ஏன் திரும்ப எழுந்திரிக்கிறான்னு காரணம் எழுதுறாரு."

"டாக்டரா?"

"இல்லய்யா. கம்ப்யூட்டர் விளையாட்டுல."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "விளையாட்டுக்கு எதுக்குண்ணே காரணம்? செத்தா மறுபடி முதல்லேருந்து ஆடிட்டுப் போறான்."

எனக்கும் அதே கேள்விதான். இன்றுவரை முழுசாகப் பதில் கிடைத்தபாடில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். பெரிய மனுஷர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் மாப்பிள்ளையைப் பற்றி எழுத நான்தான் இருக்கிறேன்.

எழுதுகிற ஆள் யார் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தலையில் தகரப் பட்டை சுமந்து தொழிலுக்குள் வந்தவன். இன்றைக்கு எங்கள் கடைத்தெருவில் காலையில் தடதடவென்று ஏறுகிற ஷட்டர்களில் பாதி என் பட்டறையில் செய்தது. தள்ளினால் வெண்ணெய் மாதிரி ஏற வேண்டும், இழுத்தால் தோள் வலிக்காமல் இறங்க வேண்டும். என் ஷட்டர் நடுவழியில் சிக்கி நின்றது என்று ஒருத்தன் சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். எந்த மெஷினையும் கழற்றிப் போட்டால் எனக்கு விளங்கிவிடும். இந்த வயசு வரைக்கும் விளங்காமல் போனவை இரண்டுதான். என் வீட்டுக்காரிக்கு ஏன் கோபம் வருகிறது என்பது ஒன்று. மாப்பிள்ளையின் வேலை இன்னொன்று.

அவரை மகள்தான் பார்த்துப் பிடித்தாள். முதல் நாள் வீட்டுக்கு வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், கதவு திறந்தால் ஓடிவிடுகிற மாதிரி. ஒல்லி உடம்பு. சட்டை தோளில் நிற்காமல் ஒரு பக்கம் வழியும். எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். நான் அடுப்படிக்குப் போய் மெதுவாகக் கேட்டேன். நான் மெதுவாகப் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பது வேறு விஷயம்.

"என்னம்மா இது, ஊமைக்கோட்டானா இருக்காரு?"

"அவர் யோசிச்சுட்டுப் பேசுறவருப்பா. உங்களை மாதிரி பேசிட்டு யோசிக்கிறவர் இல்ல."

"பேசிட்டாவது யோசிக்கிறாரா உங்கப்பா?" என்றாள் வீட்டுக்காரி. இரண்டு பேரும் சிரித்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளையும் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது.

நல்ல மனுஷர். ஆனால் நினைப்பு எங்கேயோ இருக்கும். பால் வாங்கப் போனால் சோப்பு வாங்கி வருவார். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பார், பின்னால் வருகிறவன் திட்டிவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறைக்கு வந்து காலி டிரம் மேல் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். யார் உயரத்தில் ஏறினாலும் அவர் எழுந்து நின்றுவிடுவார், ஆள் இறங்கிய பிறகுதான் உட்காருவார். எங்கள் வெல்டர்கள் அவருக்குக் குட்டி எமன் என்று பெயர் வைத்திருந்தார்கள். "எமன் வந்துட்டாரு, பெல்ட்டை மாட்டுடா" என்று ஒருத்தன் குரல் கொடுப்பான். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. பெல்ட் மாட்டியிருக்கிறானா என்று மட்டும் பார்ப்பார்.

ஒரு மதியச் சாப்பாட்டின்போது நான் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு எனக்குப் புரியிற மாதிரி சொல்லிட்டுத்தான் எழுந்திரிக்கணும். ஆளு சாகிறான். அப்புறம்?"

"அப்புறம் எழுந்திரிக்கிறான் மாமா. எல்லா விளையாட்டுலயும் எழுந்திரிப்பான். இல்லன்னா யாரும் ரெண்டாவது தடவை ஆட முடியாது. கதைக்குள்ளயும் அதுக்கு ஒரு காரணம் இருந்தா நல்லா இருக்கும்."

"என்ன காரணம் சொல்வீங்க?"

"சில விளையாட்டுல, காலம் பின்னால போயிடுச்சும்பாங்க. சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்ப அவன் சாகவே இல்லையே?"

"செத்தான். ஆனா அது நடக்கல."

எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"சிலதுல புது உடம்பு செஞ்சு, பழைய ஞாபகத்தை அதுக்குள்ள ஊத்திடுவாங்க."

"பழைய உடம்பு?"

"விழுந்த இடத்துலயே கிடக்கும். புது ஆளு அதைத் தாண்டித்தான் போவான்."

"அதை யாரு எடுத்துப் போடுவா?"

"சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா இது?" என்று வீட்டுக்காரி கரண்டியைத் தட்டினாள்.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு வகை இருக்கு மாமா. யாரோ ஒருத்தர் இந்தக் கதையைச் சொல்லிட்டிருக்கற மாதிரி. நீங்க செத்ததும், இல்ல இல்ல, தப்பாச் சொல்லிட்டேன், அவன் அப்படிச் சாகலன்னு திருத்திச் சொல்வாரு."

"இது பரவாயில்ல. என் மச்சான் எப்பவும் அப்படித்தான் பேசுவான்."

"ஒண்ணுமே சொல்லாம விட்டுடறதும் உண்டு. அதுதான் நிறைய."

"ஒண்ணும் சொல்லாம விட்டா யாராவது வந்து கேக்கப் போறாங்களா?"

அவர் தட்டைப் பார்த்தார். "யாரும் கேக்க மாட்டாங்க மாமா. அதுதான்."

எது அதுதான் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பிறகு ஒருநாள் மகள் வந்து, மாப்பிள்ளையின் ஆபீஸில் என்னை விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்களாம். விளையாட்டை வெளியே விடுவதற்கு முன்னால், வாழ்க்கையில் விளையாட்டுப் பொத்தானையே தொடாத ஆட்களைக் கூட்டிவந்து ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். செய்தவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். உதவி செய்யக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது, வாயையே திறக்கக் கூடாது.

"மூணு வருஷமா அவர் எழுதின கதைப்பா. அதை வச்சுக்கறதா, தூக்கிட்டு வேற ஒண்ணைப் போடறதான்னு நாளைக்கு முடிவு பண்றாங்க. கதை என்னன்னு உங்களுக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாதாம். நீங்க ஒழுங்கா விளையாடுங்க. கேட்டா மனசுல பட்டதைச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே? உங்கப்பன் ஒரு வேலையில இறங்கினா எப்படி இருக்கும்னு அந்த ஆபீஸுக்குக் காட்டிட்டு வரேன்."

அறை, பல் பிடுங்குகிற இடம் மாதிரி இருந்தது. சாய்வு நாற்காலி, எதிரே சுவரளவு டிவி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி. கையில் பிடிக்கிற கன்ட்ரோலரைக் கொடுத்து எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு பெண் காட்டிவிட்டுப் போனாள்.

விளையாட்டில் மலையடிவாரத்தில் ஒரு வீடு. உள்ளே ஏழெட்டு அண்ணன் தம்பிகள், எல்லாருக்கும் ஒரே ஜாடை. ஒருத்தன் குறட்டை விடுகிறான், ஒருத்தன் பூட்ஸைத் துடைக்கிறான், இரண்டு பேர் தள்ளுமுள்ளு. அடுப்பில் அம்மா, முகம் காட்டாமல் வேலையாக இருக்கிறாள். கதவோரம் பூட்ஸ்கள் வரிசையாக இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் நோய் பரவிவிட்டது, மருந்துப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மா பையை நீட்ட, மூத்தவன் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். அவன்தான் நான். நல்ல கலகலப்பான குடும்பம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் கயிற்றுப் பாலம். ஏணியைக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்க்காமல் நான் ஏறியதில்லை, யாரையும் ஏற விட்டதில்லை. பாலத்தையும் அப்படித்தான். ஒவ்வொரு பலகையாக மெதுவாக மிதித்து, கிரீச் என்றால் பின்வாங்கி, அடுத்ததைப் பார்த்து. அப்புறம் மேலேயிருந்து பாறை உருண்டது. நிற்கும்வரை ஒதுங்கி நின்றேன். ஓநாய் வந்தது. மரத்தில் ஏறி, அது சலித்துப் போய்க் கிளம்புகிறவரை உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கொட்டாவி விடுவது இங்கே கேட்டது. மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. ஆனால் மருந்து ஊர் போய்ச் சேர்ந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். "பாத்தீங்களா? அவனை ஒரு தடவைகூட சாக விடல!"

ஒருத்தரும் கை தட்டவில்லை. மாப்பிள்ளையின் முகம் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தது.

அந்த ஆபீஸின் தலைவி பெரிய வட்டக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என் மகள் வயசுதான் இருக்கும். "ஐயா, இதுவரைக்கும் ஆடினவங்க எல்லாரும் அந்தப் பாலத்துலயே நாலஞ்சு தடவை விழுந்தாங்க" என்றார்.

"நான் விழலயே."

"அதாங்கய்யா சிக்கல். இவரோட கதை, விழுந்தாதான் வரும்." பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஜாக்கிரதையா ஆடறவங்களுக்குக் கதையே கிடைக்காதுன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? இவர் வெறும் மலை ஏறிட்டு வந்திருக்காரு."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாகாமல் வந்ததற்காக ஒரு மனுஷனைக் குற்றம் சொல்லும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மறுபடி உட்காருங்கய்யா. இந்தத் தடவை பாலத்துல விழுங்க."

"வேணும்னேவா?"

"வேணும்னே."

என் பட்டறையில் இதுவரை ஒரு ஆள் ஏணியிலிருந்து விழுந்ததில்லை. பாலத்தில் நின்றுகொண்டு, கிரீச் என்ற பலகையை வெகுநேரம் பார்த்தேன். மாப்பிள்ளைக்காகத்தான் மிதித்தேன்.

திரை இருண்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது அதே வீடு. படுக்கையிலிருந்து ஒருத்தன் எழுந்தான். நெற்றியில் முடி விழுந்த வேறொருத்தன். பக்கத்துப் படுக்கையில் ஆளில்லை, போர்வை மடித்து வைத்திருந்தது. கதவோர வரிசையில் ஒரு ஜோடி பூட்ஸ் குறைந்திருந்தது. தள்ளுமுள்ளு போட்டவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்காமலே இன்னொரு பையைக் கட்டி நீட்டினாள். எழுந்தவன் வாங்கிக்கொண்டான்.

"முந்தினவன் எங்க?" என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். "முந்தினவன் எங்கங்கிறேன்!"

முறைப்படி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து மாப்பிள்ளை வந்தார். தலைவி அம்மாவே அனுப்பியிருக்க வேண்டும்.

"அவன் செத்துட்டான் மாமா. இவன் தம்பி."

"அப்ப நான் யாரு?"

"இப்ப இவன்."

"காலையிலேருந்து அவனா இருந்தேனேய்யா."

"ஆமா."

"எந்தப் பலகை உடையும்னு எனக்குத் தெரியும். இவனுக்கு எப்படித் தெரியும்? இவன் தூங்கிட்டுல்ல இருந்தான்?"

அவர் தரையைப் பார்த்தார். அதுவரை நான் பார்த்ததிலேயே அதிக நேரம். "அது எனக்கும் தெரியல மாமா. மூணு வருஷமா யோசிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் நாலு அண்ணன் தம்பிகள். மூத்தவர் மின்கம்பம் ஏறுகிறவர். ஒருநாள் ஏறினார், ஆளாக இறங்கவில்லை. அந்த வேலையை அடுத்த அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அதே சீருடை, அதே இடுப்புப் பட்டை, அதே தெருக்கள், அதே கம்பமும்கூட. சம்பந்தம் பேசப் போனபோது இதைச் சொன்னார்கள். "வேலை கைவிட்டுப் போகல, அந்த மட்டுக்கும் நல்லது" என்று நான் ஆறுதல் சொன்னேன். அது தப்பான பேச்சு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் திரையில் நெற்றி முடிக்காரன் பையோடு கதவருகே நிற்கிறான், என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருக்கிறது, நான் அழுத்தினால் அவன் போவான். எனக்குக் கை வரவில்லை.

தலைவி அம்மா உள்ளே வந்தார். "ஐயா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு இது. விழ விழத் தம்பிங்க ஒவ்வொருத்தரா போவாங்க, வீடு காலியானா கதை முடிஞ்சது. இன்னொண்ணுல தம்பிங்களே கிடையாது. மூத்தவன் கழுத்துல ஒரு கல்லு தொங்கும். விழுந்தா அந்தக் கல்லு அவனையே எழுப்பி விட்டுடும். உங்களுக்கு எது வேணும்?"

"இதுல என்னம்மா கேள்வி? முந்தினவனே எழுந்து வரட்டும்!"

சொல்லி முடித்த பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் தோளைத் தொட்டு, "எல்லாருமே இதைத்தான் சொல்றாங்க. விட்டுடுவோம்" என்றார். அதட்டலாக இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். அத்தோடு மூன்று வருஷக் கதை போனது.

மாப்பிள்ளையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். சிக்னலில் நிற்கும்போது கேட்டேன். "மாப்பிள்ளை, நான் ஏதாவது கெடுத்துட்டேனா?"

"இல்ல மாமா."

"சும்மா சொல்லாதீங்க."

பச்சை விழுந்தது. வழக்கம்போல வண்டி நகரவில்லை. "எங்கம்மா அந்த நாற்காலியில உக்காந்திருந்தா அவங்களும் கல்லைத்தான் கேட்டிருப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா, அழுதுகொண்டு சொன்னாரா, தெரியாது. எனக்குத் தெரிந்தது ஹெல்மெட்டின் பின்பக்கம்தான். பின்னால் வந்த வண்டிக்காரன் திட்டினான்.

மகள் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "மனசுல பட்டதைச் சொல்லச் சொன்னது நீதானே?" என்றால், "உங்க மனசுல போய் அதுவா படணும்?" என்பாள். இதற்கு எந்த ஊரில் நியாயம் கேட்பது?

கல் வைத்த விளையாட்டு வெளியே வந்தது. நன்றாகப் போகிறதாம், நிறையப் பேர் ஆடுகிறார்களாம். ஸ்பிரிங்காரர் வீட்டில்கூட ஆடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் நல்ல பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கல்லு ஏன் எழுப்புதுன்னு என்ன காரணம் எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா கட்டி விட்டதுன்னு எழுதினேன் மாமா."

"அம்மா கட்டினா எழுப்பிடுமா?"

"விளையாட்டுல எழுப்பும்."

ஆடினேன். பாலத்தில் விழுந்தேன், எழுந்தேன். மறுபடி விழுந்தேன், எழுந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் உறைத்தது. ஏணியை உதைத்துப் பார்க்காமல் ஏறாத நான், அந்தப் பாலத்தில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தேன். ஓநாயின் வாயில் நேராகப் போய் விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்படித்தானே கேட்டேன்? கேட்டது கிடைத்த பிறகும் என்ன குறை என்று பிடிபடவில்லை.

"மாப்பிள்ளை, அந்தப் பசங்க இருந்த பழசு உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. வெளியே குடுக்க முடியாது. என்கிட்ட ஒண்ணு வச்சிருக்கேன்."

"அதைப் போடுங்க."

அதே வீடு. எல்லாரும் இருந்தார்கள். பூட்ஸ் வரிசை முழுசாக இருந்தது. அம்மா பையை நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன். வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அடுப்படி, ஜன்னல், படுக்கைகள், மறுபடி அடுப்படி.

"வெளியே போங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அந்தப் பக்கம் மருந்துக்குக் காத்திருக்காங்க."

"தெரியுது."

"போகலன்னா கதை நகராது."

"தெரியுதுய்யா. இருங்க." குறட்டை விடுகிறவனிடம் போய் நின்றேன். "இவன் எத்தனாவது?"

"மூணாவது."

"நீங்க எது?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சுக்குக் கீழே சுருண்டு படுத்திருந்த கடைசிப் பொடியனை விரலால் தொட்டுக் காட்டினார். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். மூத்தவன் தோளில் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தப் பையை எப்படிக் கீழே வைக்கிறது மாப்பிள்ளை?"

"அதுக்குப் பொத்தான் வைக்கல மாமா" என்றார்.